அழகர்சாமி தலையாட்டினார்

வாயைத் திறந்து பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று மங்கையர்க்கரசியைக் கேட்டால் தெரியும். வாய்ச்சொல்லுக்கு நாலு பேர் சாட்சி வருவார்கள். கையெழுத்து என்றால் காகிதமே பேசும். தலையாட்டுக்கு என்ன இருக்கிறது? ஆட்டிய மனிதன் எதற்காக ஆட்டினான் என்பதைப் பிறகு சாவகாசமாக, தன் வசதிப்படி முடிவு செய்துகொள்ளலாம்.

போன தை மாதம் தீவின் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து மின்னி பே பகுதிக்குப் பதினோரு பேர் பூவும் பழமும் லட்டுமாகப் போனார்கள். மங்கையர்க்கரசியின் மகள் சுதாவுக்கு அழகர்சாமியின் மகன் ரவிக்குமாரைக் கேட்கப் போன கூட்டம் அது. பிள்ளைகள் இருவரும் தங்களுக்குள் பேசி முடித்து ஒரு வருடமாகியிருந்தது. பெரியவர்கள் பேச வேண்டியதுதான் பாக்கி. அழகர்சாமியும் அந்நியர் இல்லை. மங்கையர்க்கரசி ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கும் அதே சரக்கு இறக்கும் கம்பெனியில், கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுப்பவர். பதினாறு வருடமாக அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு அவள் கொண்டுவரும் மாங்காய் ஊறுகாயில் பாதியைத் தின்று தீர்த்தவர்.

மங்கையர்க்கரசியின் அண்ணன் ஜெயராமன்தான் பேச்சை எடுத்தார். "அண்ணே, எங்க பொண்ணை உங்க வீட்டுக்கு எடுத்துக்கறீங்களா?"

அழகர்சாமி தலையை ஆட்டினார். இடமும் வலமுமாக, மெதுவாக, மூன்று தரம். ஆட்டி முடித்துத் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் மனைவி சொர்ணம்மா அந்த நிமிடமே காபி கலக்க உள்ளே போனாள். இதற்கு என்ன பொருள் என்று பார்க்க எந்தத் தமிழனும் அகராதியைத் தேடமாட்டான். பதினோரு பேரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள், டெய்ரி ஃபார்ம் முழுக்கச் சொன்னார்கள், சித்திரைக்கு மண்டபமும் பிடித்துவிட்டார்கள்.

பங்குனி உத்திரத்தன்று கோயில் வாசலில் காவடி பார்க்க நின்ற கூட்டத்தில் யாரோ கேட்டார். "என்ன அழகரு, சித்திரையில கல்யாணச் சாப்பாடாமே?"

"யாருக்குய்யா கல்யாணம்?" என்றார் அழகர்சாமி, நாலு பேருக்கு அல்ல, நானூறு பேருக்குக் கேட்கும்படி. "நான் எங்க சரின்னேன்? தலையைத்தான் ஆட்டுனேன். வேணாமுன்னுதான் ஆட்டுனேன். கைதி வம்சத்துல பொண்ணெடுத்துட்டு மதுரைப் பக்கம் நான் தலை காட்ட முடியுமா? எங்க அண்ணன் தம்பிக பந்தியில உக்கார விடுவாகளா?"

பத்தடி தள்ளி அர்ச்சனைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள் மங்கையர்க்கரசி. தட்டிலிருந்த தேங்காய் உருண்டு விழுந்து யார் காலடிக்கோ போனது. அதை எடுத்துக் கொடுத்தவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வம்சம் கைதி வம்சம்தான். வெள்ளைக்காரன் கப்பலில் சங்கிலியோடு வந்து இறங்கியவரின் வழியில் பிறந்தவர்களைத் தீவில் லோக்கல் என்பார்கள். அவளுடைய கொள்ளுத்தாத்தா ஒரு பண்ணையாரை வெட்டியவர். கோர்ட்டுக் கச்சேரியில் "வெட்டினாயா?" என்று கேட்டபோது "வெட்டினேன்" என்று வாயால் சொன்னார். தலையை ஆட்டியிருந்தால் தப்பித்திருப்பாரோ என்னவோ. அந்த வாய்க்காகத்தான் கடல் தாண்டினார். அந்த ரத்தத்தில் வந்தவளைப் பார்த்து, கொடுத்த சம்மதத்தை விழுங்கிய ஒரு மனிதன் வம்சம் பேசுகிறான் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? தலையாட்டுச் சம்பந்தி என்று பெயர் வைத்தது. பையனைப் பிடிக்கப் பறந்த குடும்பம், கேட்காத பதிலைக் கேட்டதாகச் சொல்லி மண்டபம் பிடித்த குடும்பம் என்று பேசியது. சுதா ஒரு கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் வந்து, "டோக்கன் குடும்மா" என்று கேட்டுவிட்டு, அவள் கொடுக்கும்போது வேண்டுமென்றே தலையை ஆட்டிச் சிரிப்பவர்களும் இருந்தார்கள். ரவிக்குமார் என்ன செய்தான் என்கிறீர்களா? அப்பன் சொன்னதற்கெல்லாம் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டிக்கொண்டு வீட்டோடு இருந்தான்.

மங்கையர்க்கரசி அன்றிலிருந்து அழகர்சாமியோடு ஒரு சொல் பேசவில்லை. சம்பளச் சீட்டை மேசையில் வைப்பாள். அவர் எடுத்துக்கொண்டு போவார். ஊறுகாய் டப்பாவை அவள் கழுவிக் கவிழ்த்ததோடு சரி.

இப்படி இருக்கும்போதுதான் ஆடி மாதம் வந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், தகரம் ஆடாதா? கம்பெனி யார்டில் கூரைத் தகரக் கட்டு ஒன்றைக் கிரேன் தூக்கியபோது காற்று பிடித்துக்கொண்டது. கட்டு தொட்டில் மாதிரி ஆடத் தொடங்கியது. ஆட்டத்தை அடக்க, கட்டில் கோத்திருந்த கயிற்றை அழகர்சாமி இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கையால் சிக்னல் காட்ட வழியில்லை. கிரேன் ஓட்டிய பாலமுருகன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ரோக்கூ க்யா?" என்று கத்தினான். நிறுத்தட்டுமா என்று கேள்வி.

அழகர்சாமி தலையை ஆட்டினார்.

பாலமுருகன் தெற்கே கச்சால் தீவில் பிறந்தவன். அவன் தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், மற்ற எல்லாம் இந்தி. இந்திக்காரர்கள் நடுவில் வளர்ந்தவனுக்குப் பக்கவாட்டில் தலை ஆடினால் ஒரே பொருள்தான், வேண்டாம். நிறுத்த வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு கிரேனைத் திருப்பினான். ஆடிக்கொண்டிருந்த கட்டு சுற்றி வந்து, ஓரமாக நின்ற ஈஸ்வரன் என்ற தொழிலாளியின் தொடையில் அடித்தது. எலும்பு இரண்டாக முறிந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால் ஆறு மாதம் படுக்கை.

கம்பெனி விசாரணை வைத்தது. விசாரிக்க வந்தவர் பிஸ்வாஸ் என்ற வங்காளி. நல்லவர், ஆனால் எதையும் இரண்டு தரம் கேட்பார். வந்த அன்றே அவர் கணக்கைத் தெளிவாகப் பிரித்துவிட்டார். அழகர்சாமி ஆட்டியது "ஆமாம், நிறுத்து" என்றால், ஓட்டுநர் தவறாகப் புரிந்துகொண்டது. இருவருக்கும் எச்சரிக்கையோடு போகும். அவர் ஆட்டியது "நிறுத்தாதே" என்றால், ஆடுகிற சுமையை ஆள் தலைக்கு மேல் ஓட்டச் சொன்னவர் அவர். வேலை போகும், போலீசுக்கும் போகும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் ஆளுக்கு.

அழகர்சாமிக்குக் கடைத்தெரு இந்தி வரும். விசாரணைக்கு அது போதாது, தமிழில்தான் சொல்வேன் என்றார். அந்த ஆபீசில் தமிழும் இந்தியும் இரண்டு கையாலும் எழுதத் தெரிந்தவள் ஒருத்திதான். "மங்கை எழுதட்டும்" என்று பிஸ்வாஸ் சொல்லிவிட்டார். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். மங்கையர்க்கரசி தன் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை சொர்ணம்மா டெய்ரி ஃபார்முக்கு வந்தாள். வாசல் கிரில்லைத் தாண்டாமல் நின்றாள்.

"மதினி, ஒரு நிமிசம்."

"மதினியா?" என்றாள் மங்கையர்க்கரசி. "அந்த முறை பங்குனியிலயே முடிஞ்சு போச்சு. நேரா சொல்லுங்க, என்ன விஷயம்?"

"அவுக வாய் அப்பிடி. நான் என்ன செய்ய முடியும்? மெயின்லேண்டுல இருந்து அவுக அண்ணன் போன் போட்டு ஏத்திவிட்டாரு. நீங்க ஒரு வார்த்தை பார்த்து எழுதுங்க மதினி. ரெண்டு வருசம் ஓட்டிட்டா பென்சனு வந்துரும்."

"அன்னிக்கு நீங்க காபி கலக்க எதுக்கு எந்திரிச்சுப் போனீங்க?"

சொர்ணம்மா துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சம்மதம்னுதானே போனீங்க? அப்போ கோயில்ல வந்து அதை ஏன் சொல்லலே? புருஷன் தலை ஆடினா மட்டும் உங்களுக்கு அர்த்தம் புரியும், எம் பொண்ணு தலை குனிஞ்சா புரியாது. அச்சா. கைதி வீட்டு வாசல்ல ரொம்ப நேரம் நிக்காதீங்க, யாராவது பார்த்தா பந்தியில உட்கார விட மாட்டாங்க."

சொர்ணம்மா திரும்பிப் போனாள். அவள் கையிலிருந்த துணிப்பை நடைக்கு நடை ஆடிக்கொண்டே போனது. உள்ளே என்ன கொண்டுவந்தாளோ, கொடுக்காமலே எடுத்துப் போனாள். மங்கையர்க்கரசிக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை. வராததற்கு வருத்தமும் இல்லை.

சுதா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அம்மா, என்ன எழுதப் போறே?"

"உண்மையைத்தான்."

"எந்த உண்மை? அந்த ஆளு தலையை ஆட்டினா வேணாம்னுதான் அர்த்தம்னு கோயில்ல அவரே சொன்னாரு. அத்தனை பேரு கேட்டாங்க. அதையே எழுது. அவரு சொன்னதைத்தானே எழுதறே, பொய் ஒண்ணும் இல்லையே." சுதாவின் குரல் நடுங்கவில்லை. அதுதான் மங்கையர்க்கரசிக்குப் பயமாக இருந்தது. "நாலு மாசமா நான் பஜார் பக்கம் போகலைம்மா. அவரும் கொஞ்சம் வீட்டுல இருக்கட்டும்."

தப்பு சொல்ல முடியாத கணக்கு அது. அழகர்சாமியின் தலையாட்டுக்கு அழகர்சாமியே அர்த்தம் சொல்லியிருக்கிறார். அதை எடுத்து அவர் தலையிலேயே போடுவதில் என்ன பாவம்? மங்கையர்க்கரசி இந்தியில் எழுத வேண்டிய வாக்கியத்தைக் கூட மனதுக்குள் அமைத்துப் பார்த்தாள். இல்லை என்ற பொருளில் தலையசைத்தார். சின்ன வாக்கியம். எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

மறுநாள் காலை மரைன் ஹில் ஏற்றத்தில் ஸ்கூட்டர் முனகிக்கொண்டு ஏறியது. கொக்கியில் தொங்கிய டிபன் பை ஒவ்வொரு வளைவுக்கும் ஆடி அவள் முழங்காலில் இடித்தது. மூன்றாவது வளைவில்தான் அவளுக்கு உறைத்தது. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள்.

இல்லை என்று எழுதினால் அவர் வேலை போகும். சரி. ஆனால் அழகர்சாமி தலையாட்டினால் இல்லை என்றுதான் அர்த்தம் என்று கம்பெனிக் காகிதத்தில், தன் கையாலேயே, அவள் எழுதிக் கொடுத்ததாகிவிடும். அப்படியானால் தை மாதம் ஆட்டியதும் இல்லைதான். பதினோரு பேரும் முட்டாள்கள்தான். சுதா, இல்லாத சம்மதத்தை இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். ஊர் சிரித்தது சரிதான். அந்த ஆளைக் கவிழ்க்க வேண்டுமென்றால் சுதாவைப் பொய்க்காரி ஆக்க வேண்டும். சுதா தலை நிமிர வேண்டுமென்றால் அந்த ஆளைக் காப்பாற்றித் தொலைக்க வேண்டும்.

"சண்டாளன்" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் தண்ணீர்க் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். மங்கையர்க்கரசி ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

விசாரணை அறைக்கு இடுப்புயர அரைக்கதவு. யார் வந்தாலும் போனாலும் அது முன்னும் பின்னும் நாலு தரம் ஆடித்தான் நிற்கும். அழகர்சாமி அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் எழுத்துக் காகிதத்தோடு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றார்.

"சாஹிப், இந்தம்மா வேணாம். வேற ஆளு போடுங்க."

"ஏன்?" என்றார் பிஸ்வாஸ். அழகர்சாமி நாற்காலியின் முதுகைப் பிடித்தார். பிஸ்வாஸ் தன் வழக்கப்படி இன்னொரு தரமும் "ஏன்?" என்றார்.

ஏன் என்று சொன்னால் தை மாதத்தைச் சொல்ல வேண்டும். லட்டைச் சொல்ல வேண்டும். அழகர்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பாலமுருகன் தன் வாக்குமூலத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தான். தலையை ஆட்டினார், நிறுத்த வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான் என்றான். பொய் சொல்லும் முகமில்லை அவனுக்கு.

இப்போது பிஸ்வாஸ் இந்தியில் கேட்டார். மங்கையர்க்கரசி தமிழில் கேட்டாள். நான்கு மாதத்தில் அவள் அவரோடு பேசும் முதல் பேச்சு அது.

"நிறுத்தட்டுமான்னு பாலமுருகன் கேட்டப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

"தலையை ஆட்டுனேன்."

"எப்படி? ஆட்டிக் காட்டுங்க."

அழகர்சாமி ஆட்டினார். இடமும் வலமுமாக, மெதுவாக, மூன்று தரம். அதே ஆட்டம். லட்டுத் தட்டு ஒன்றுதான் குறை.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஆமா, நிப்பாட்டுன்னு அர்த்தம். எங்க பக்கம் சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

அவள் மொழிபெயர்த்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பிஸ்வாஸ் தாடையைத் தேய்த்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டார். அவள் அதைத் தமிழில் சொல்லும்போது குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை.

"சாஹிப் கேக்கறாரு. இப்படி ஆட்டினா எப்பவும் ஆமாதானா? இல்லே, சில நேரம் வேணாம்னும் அர்த்தம் உண்டா?"

அப்போதுதான் அழகர்சாமிக்கு விளங்கியது. அவர் முகம் மாறியதை அவள் ஒரு நொடியும் விடாமல் பார்த்தாள். மேலே மின்விசிறி ஆடிக்கொண்டு சுற்றியதை அண்ணாந்து பார்த்தார். அதுவும் அவருக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.

"அது... எடத்தைப் பொறுத்து..." என்று இழுத்தார்.

மங்கையர்க்கரசி இழுத்ததையும் சேர்த்து இந்தியில் சொன்னாள். பிஸ்வாஸுக்குக் கோபம் வந்தது. இடத்தைப் பொறுத்து மாறும் சிக்னலை ஓட்டுபவன் எப்படிப் புரிந்துகொள்வான்? அப்படியானால் அந்தப் பையன் புரிந்துகொண்டதே சரியாக இருக்கலாமே? மாறுமா, மாறாதா? இதை அவர் இரண்டு தரம் கேட்டார். மங்கையர்க்கரசியும் இரண்டு தரம் சொன்னாள்.

அழகர்சாமி இரு உள்ளங்கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும். இவர் தலையால் கெட்டு, அதை வாயால் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"மாறாது" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சத்தமா சொல்லுங்க. காகஜ்ல எழுதணும்."

"மாறாது. நான் தலையை ஆட்டுனா ஆமாதான். யாரு கேட்டாலும், எதைக் கேட்டாலும் ஆமாதான். போதுமா?"

"போதும்" என்றாள்.

பிஸ்வாஸ் கோப்பை மூடினார். இருவருக்கும் எச்சரிக்கை, ஈஸ்வரனின் வைத்தியச் செலவு கம்பெனியோடது, இனி யார்டில் யாரும் தலையால் சிக்னல் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மங்கையர்க்கரசி கணினிக்குப் போய்த் தமிழ் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தாள். சாஹிபுக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று, அழகர்சாமிக்கு ஒன்று என்று மூன்று பிரதி வேண்டும். பிரிண்டரிலிருந்து நான்கு வந்தன. நான்கையும் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் விரலை வைத்துப் படித்தார். விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது. 'நான் தலையாட்டினால் ஆமாம் என்றே பொருள். யார் கேட்டாலும், எதைக் கேட்டாலும் அதுவே பொருள்.'

"இந்த வரி வேணுமா?"

"நீங்க சொன்னது. வேணாம்னா அடிச்சிடறேன். சாஹிப் டீ குடிச்சிட்டு வந்ததும், அந்த வரியை அவரு வாபஸ் வாங்கறாருன்னு சொல்லிடறேன்."

அழகர்சாமி பேனாவை எடுத்தார். நான்கிலும் போட்டார். நான்காவதில் கையெழுத்து கொஞ்சம் கோணிப்போயிருந்தது. பரவாயில்லை, படிக்க முடிந்தது. மங்கையர்க்கரசி அந்த நான்காவதை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அவர் அரைக்கதவு வரை போனார். தள்ளியவர் வெளியே போகாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினாறு வருடம் கூப்பிட்ட பெயர் வாய்க்கு வந்தது.

"தங்கச்சி. அதைக் கோயில்ல காட்டப் போறீகளா?"

மங்கையர்க்கரசி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். இடமும் வலமுமாக, மெதுவாக, மூன்று தரம்.

அழகர்சாமி பிடியை விட்டார். கதவு முன்னும் பின்னும் ஆடியது. அது நின்ற பிறகும் அவர் அவள் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.